சாய்கோட்டுக்கு இடமில்லை

இருந்தவர்கள் விவரம்: சொல் வேறுபாட்டு அலுவலகத்தின் அதிகாரி பரிபூரணம், மேசைக்குப் பின்னால். எதிரே ஒரே பெஞ்சு. இடது முனையில் என் அண்ணன் செல்லப்பாண்டி. நடுவில் அவன் மனைவி, என் மதினி சங்கரவடிவு. வலது முனையில் நான். அண்ணன் போன மாதத்திலிருந்து வீட்டுக்கு வரவில்லை. அதற்காகத்தான் மூவரும் வந்திருந்தோம்.

அதிகாரி என் மனுவைத் தூக்கிக் காட்டினார்.

"மிஸ்ஸிங், லாஸ்ட். நடுவுல சாய்கோடு. என்ன இது?"

காணாமல் போனதற்கு இங்கிலீஷில் இந்த இரண்டு சொல்லும் உண்டு. எங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படித்தான். எது சரி என்று தெரியாவிட்டால் இரண்டையும் எழுதிச் சாய்கோடு போடுவோம். அரை மதிப்பெண் விழும். இதைச் சொன்னேன்.

"இங்க அரை மதிப்பெண்ணுக்கு அரை ஆளத்தான் தேடுவோம்."

அண்ணனின் இடது பாதி ஏற்கெனவே மங்கியிருந்தது.

"மிஸ்ஸிங்னா ஆளு அவரு எடத்துல இல்ல. தேடுவாங்க. லாஸ்ட்னா அந்த எடமும் போயிரும். தேட மாட்டாங்க."

"அவுக இந்தா இருக்காகல்லா மேடம்" என்றாள் மதினி.

"உங்க வீட்டுல இருக்காரா?"

"இல்ல."

"அப்ப குறுக்க பேசாதீங்க."

பெஞ்சு சத்தமில்லாமல் நீண்டது. அண்ணன் இருந்த முனை அடுத்த அறைக்குப் போய்விட்டது.

"ஏலே, சட்டுனு எழுதித் தொலைலே!" என்று அங்கிருந்து கத்தினான்.

"ரெண்டு சொல்லையும் தனித்தனி வாக்கியத்துல அமைக்கணும்" என்றார் அதிகாரி. "வாக்கியத்துக்கு ஒரு ஆளு. உங்க மூணு பேருக்குள்ள."

"மிஸ்ஸிங் மட்டும் எழுதுனா?" என்று கேட்டேன்.

"எதுலேருந்து வேறுபடுத்துவீங்க?"

அண்ணனை மிஸ்ஸிங்கில் போட வேண்டும். லாஸ்ட்டுக்கு ஒருவர் வேண்டும். மீதியுள்ளவர் தேட வேண்டும்.

"என் பேரப் போடு தம்பி" என்றாள் மதினி. "நீ அவுகளத் தேடிருவ."

"எஞ் செருப்பையே நீங்கதான மதினி தேடித் தாறீக."

அவள் யோசித்தாள். "அதுவும் சரிதான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெஞ்சு சுவரைத் தாண்டிவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு அப்பால் அண்ணன் ஒரு புள்ளியாகத் தெரிந்தான். கத்தியது கேட்கவில்லை.

தாளில் ஓரம் விட்டு எழுதினேன். செல்லப்பாண்டி மிஸ்ஸிங். அடுத்த வரியில் என் பெயர், உலகநாதன் லாஸ்ட். முற்றுப்புள்ளி வைத்தேன்.

பெஞ்சு சுருங்கியது. அண்ணன் முழு உடம்போடு மதினிக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தான். என் முனை இல்லாமல் போயிற்று. நான் நின்றுகொண்டிருந்தேன்.

மதினி எழுந்து மேசைக்குப் பின்னால் தேடினாள். "ஏங்க, எங்க இருக்கீக?"

"இந்தா இருக்கேன்டி" என்றான் அண்ணன். அவள் காதில் விழவில்லை.

"தாள் வீட்டுக்குத் தபால்ல வந்தாத்தான் கண்ணுல படுவாரு" என்றார் அதிகாரி.

தாளை மடித்து உறையில் இட்டேன். பெறுநர் இடத்தில் மதினியின் பெயரை எழுதினேன். அனுப்புநர் இடத்தில் பேனா எழுதவில்லை. உதறினேன். மறுபடியும் எழுதவில்லை.

அதிகாரி உறையை எடுத்துப் பார்த்தார். "அனுப்புறது யாரு?"

என் பெயரைச் சொன்னேன். இரண்டாம் முறை உரக்கச் சொன்னேன்.

அவர் மதினியைப் பார்த்தார். "உங்ககூட வேற யாரும் வந்தாங்களா?"

மதினி என் பக்கம் திரும்பி, எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள்.

"இல்லியே மேடம். நான் மட்டுந்தான் வந்தேன்."

அதிகாரி உறையின் வாயை எச்சில் தொட்டு ஒட்டினார். முத்திரை குத்தித் தபால் பையில் போட்டு அனுப்பிவிட்டார்.