எட்டுச் சுற்று

இசை விழாவின் அந்த ஒரு நாளுக்கு அவன் நான்கு சட்டைகள் கொண்டுவந்திருந்தான். காலையில் நடன இசைக்காரர்களுக்கு வெள்ளிப் பளபளப்பு. மதியம் மூன்று கிழவர்களின் ஜாஸுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளை. இரண்டு மணிக்கு முகத்தில் மை பூசிக்கொண்டு கத்தும் பையன்களுக்குக் கறுப்பு. நாலரைக்கு அக்கா தம்பி குழுவுக்கு நீலம். நீலத்தை மட்டும் புதிதாக வாங்கியிருந்தான்.

அவன் பேஸ் கிட்டார் வாசிப்பவன். சொந்தக் குழு கிடையாது. எந்தக் குழுவில் பேஸ்காரருக்குக் காய்ச்சலோ கல்யாணமோ கோபமோ, அங்கே அவனைக் கூப்பிடுவார்கள். மேடைக்காரர்கள் அவனுக்கு ஸ்டெப்னி என்று பெயர் வைத்திருந்தார்கள். காரின் பின்னால் கிடக்கும் உபரிச் சக்கரம். அவனும் போனை எடுத்தால் "ஸ்டெப்னி பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பான். நாற்பத்தேழு வயதில் இதற்கெல்லாம் முகம் சுளித்துக்கொண்டிருக்க முடியாது.

அவன் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். வராத ஆளின் பதிவுகளை வாங்கிக்கொள்வான். அந்த ஆள் எங்கே தந்தியை அழுத்துகிறான், எங்கே தாளத்துக்கு மயிரிழை பிந்துகிறான், எங்கே சோம்பல் படுகிறான் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பிறகு மேடையில் அந்த ஆளாகவே வாசித்துவிட்டு இறங்குவான். குழுவுக்கு வித்தியாசமே தெரியாது. அவனைக் கூப்பிட்டதே அதற்குத்தான்.

அக்கா தம்பி குழுவின் விஷயம் கொஞ்சம் வேறு. அக்கா கீபோர்டில் உட்கார்ந்து பாடுவாள். தம்பி டிரம்ஸ். இருவருக்கும் நடுவில் பிறந்தவன்தான் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தான். எட்டு மாதத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான். மூன்று வாரம் முன்பு தம்பி போன் செய்தான்.

"எங்க அண்ணன் இனி வரமாட்டான். அக்கா அவன் பேரையே எடுக்கறதில்ல. இந்த நிகழ்ச்சி ஒத்துவந்தா உங்களையே நிரந்தரமா வெச்சுக்கலாம்னு சொல்றாங்க."

"நிரந்தரம்னா?"

"நிரந்தரம்னா நிரந்தரம்தாண்ணே. பயிற்சி, ஊர் ஊரா போறது, சாப்பாடு, சண்டை, எல்லாம்."

சண்டையையும் சேர்த்துச் சொன்னது அவனுக்குப் பிடித்திருந்தது.

அன்றிரவே தம்பி தன்னிடமிருந்த நடு அண்ணனின் பதிவுகளை அனுப்பினான். மூன்று வாரமும் அவன் அறையில் வேறு பாட்டு ஒலிக்கவில்லை.

காலை நிகழ்ச்சி நன்றாகவே போனது. முடிந்ததும் நடன இசைக்காரர்கள் தோளோடு தோள் நின்றுகொண்டு கைப்பேசியை அவனிடம் நீட்டினார்கள். "ஒரு போட்டோ எடுங்களேன்." எடுத்துக் கொடுத்தான். மதியம் கிழவர்களும் நீட்டினார்கள். "மூணு பேரும் வரணும், தம்பி. இவன் தொப்பை வராம பாத்துக்க" என்றார் ஒருவர். தொப்பைக்காரர், "அது வராம எடுக்கணும்னா நான் வெளிய போய் நிக்கணும்டா" என்றார். ஐம்பது வருடமாக ஒருவரையொருவர் வாரிக்கொள்ளும் சுகம் அவர்கள் முகத்தில் இருந்தது. அவன் இரண்டாகவே எடுத்தான்.

கலைஞர்களுக்கான கூடாரத்தில் குழுவுக்கு ஒரு மேசை. ஒவ்வொன்றிலும் குழுவின் பெயர் எழுதிய அட்டை. பரிமாறும் பெண் அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள்.

"நீங்க எந்த குரூப்புங்க?"

"நாலு குரூப்."

"நாலு சாப்பாடு தர முடியாதே."

"ஒண்ணு போதும்."

அவள் சிரித்துவிட்டு ஒன்று கொடுத்தாள். ஒலிபெருக்கிப் பெட்டிகள் அடுக்கிய இடத்தில் நின்றபடி சாப்பிட்டான்.

மை பூசிய பையன்கள் எதிர்பார்த்ததைவிட மரியாதையானவர்கள். மேடையில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, இறங்கியதும், "ரொம்ப தேங்க்ஸ்ண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினார்கள். அவன் நீலச் சட்டைக்கு மாறினான்.

மூன்றாம் மேடைக்குப் பின்னால் தகர அறை. அக்கா நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்து எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்றாள். தம்பிதான் பாட்டு வரிசையைச் சொன்னான்.

"அஞ்சாவது பாட்டுல எட்டுத் தாளச் சுத்துக்கு நாங்க ரெண்டு பேரும் நிறுத்திடுவோம். அது முழுக்க உங்களுக்கு. என்ன வேணா வாசிங்க."

"பதிவுல இருக்கறதையா?"

"அது அவன் வாசிச்சது. உங்களுக்கு என்ன தோணுதோ அது."

அவன் தலையாட்டினான். தோன்றியதை வாசிக்கச் சொல்லி யாரும் அவனிடம் கேட்டதில்லை. மரியாதைக்குச் சொல்கிறார்கள், உள்ளுக்குள் பழையதுதான் வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பதிவில் இருந்த எட்டுச் சுற்றும் அவன் விரலில் தயாராக இருந்தது. ஆறாம் சுற்றில் ஒரு சுரம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கிக் கீழே இறங்கும். அந்த ஒரு வழுக்கலுக்கே அவனுக்கு நான்கு நாள் பிடித்தது.

முதல் பாட்டில் அக்கா அவன் பக்கம் திரும்பவில்லை. மூன்றாவதில் ஒருமுறை திரும்பினாள். நான்காவதில் இருமுறை. பிடித்திருக்கிறது என்று அவன் கணக்குப் போட்டான். ஐந்தாம் பாட்டில் கீபோர்டு நின்றது, டிரம்ஸ் நின்றது. மைதானம் முழுக்க அவன் ஒருவன் சத்தம்தான். ஒரு கணம் வேறு எதையாவது தொடலாமா என்று விரல் தயங்கியது. பிறகு பழகிய இடத்துக்குப் போனது. ஆறாம் சுற்றில் சுரம் வழுக்கி இறங்கியபோது அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். எட்டு முடிந்தும் அவள் பாட ஆரம்பிக்கவில்லை. தம்பி தாளத்தை இழுத்துப் பிடித்தான். ஒன்பதாம் சுற்று, பத்தாம் சுற்று, பிறகுதான் குரல் வந்தது. கூட்டம் கை தட்டியது.

தகர அறைக்குத் திரும்பியதும் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணை மூடினா அவன்தான். அப்படியே அவன்தான். எப்படிங்க?"

"கேட்டேன். கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"எட்டு மாசமா நான் கேக்கவே இல்ல. எடுத்தா அழுதுடுவேன்னு பதிவையெல்லாம் பூட்டி வெச்சேன்."

அவள் கைப்பேசியை எடுத்தாள். தம்பி அவனைப் பார்த்தான். பார்த்த விதத்திலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"டேய், நான்தான்" என்றாள் அக்கா. "சாப்டியா?" ஆறாம் சுற்று வழுக்கல்வரை மேடையில் நடந்ததைச் சொன்னாள். பிறகு நெடுநேரம் அந்தப் பக்கமே பேசியது. அவள் சுவரைப் பார்த்து நின்று, "சரிடா, சரிடா" என்றாள். "மூக்கை உறிஞ்சாத. என்னைக்கு வர்ற?"

தம்பி அவன் அருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க."

"தப்பா நினைக்க என்ன இருக்கு? கூடப் பிறந்தவன்."

"நீங்க உங்களோடதை வாசிச்சிருந்தா…" என்று ஆரம்பித்துத் தம்பி விட்டுவிட்டான்.

அக்கா கண்ணைத் துடைத்தபடி கைப்பேசியை நீட்டினாள். "உங்ககிட்ட பேசணுமாம்."

அவன் வாங்கிக்கொண்டான். அந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை. வாசிப்பைப் பார்த்துக் கனத்த குரலாக நினைத்திருந்தான். மெல்லிய குரல்.

"ரொம்ப நன்றிங்க. அந்த ஆறாம் சுத்து வழுக்கலைக்கூட வாசிச்சீங்களாம்?"

"ஆமா."

"அய்யோ, அது தப்புங்க. அன்னிக்கு வேர்வையில விரல் வழுக்கிடுச்சு. அப்புறம் நான் அதை வாசிச்சதே இல்ல." சிரித்தான். நல்ல மாதிரியான சிரிப்புதான். "உங்களுக்குன்னு விட்டிருந்தாங்களே, உங்களோடது எப்படி இருக்கும்?"

பக்கத்து மேடையில் யாரோ எக்காளம் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க ஒரே சத்தமா இருக்கு. கேக்கல" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தான். தெளிவாகக் கேட்டிருந்தது.

அக்கா அவனைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். ஆயிற்று என்றான். தம்பி வாசல்வரை வந்தான். இருவரையும் போட்டோ எடுக்கவா என்று ஸ்டெப்னி தானாகவே கேட்டான். "அவன் வந்தப்புறம் எடுத்துக்கறோம்ண்ணே" என்றான் தம்பி, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு.

வண்டிகள் நிற்கும் இடத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. கிட்டார் பெட்டியைத் திறந்து பேஸை எடுத்துக்கொண்டு, பெட்டியை மூடி அதன் மேலேயே உட்கார்ந்தான். மின்சாரம் இல்லாத பேஸுக்குக் குரல் கிடையாது. காதைக் கட்டையோடு ஒட்டிக்கொண்டால் வாசிப்பவனுக்கு மட்டும் கேட்கும். எட்டுச் சுற்று என்று மனதில் எண்ணிக்கொண்டு தொடங்கினான்.

முதல் சுற்றில் விரலில் நடு அண்ணன் வந்தான். நிறுத்தினான். அடுத்த முறை கிழவர்களின் பழைய பேஸ்காரர் வந்தார், போன வருடம் இறந்துபோனவர். நிறுத்தினான். இன்னொரு முறை யாரென்று தெரியாத எவனோ வந்து, நான்கு சுற்றுவரை ஓடி, ஐந்தாவதில் தடுக்கி நின்றான். அது யாருடையது என்று யோசித்தான். வாசித்துக்கொடுத்த ஆட்களையெல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். யாருடைய விரலோடும் அது ஒத்துவரவில்லை.

கட்டையில் காதை வைத்து அந்த நான்கு சுற்றையும் மறுபடி வாசித்தான்.