நோலன் மாட்டிய வளையம்

ஒடீலியா துப்பாக்கியைக் கிடத்தியபோது அதன் குழல் மேசையைத் தாண்டி ஒரு முழம் வெளியே நீண்டது. துப்பாக்கி பழுதுபார்க்கும் லெஸ்டர் டெசொர்மோ காப்பிக் கோப்பையை ஒதுக்கி வைத்தார். கேய்டான் ஊரில் வாத்து வேட்டைக்குப் போகிற எல்லோருக்கும் இந்தத் துப்பாக்கியைத் தெரியும். அது நோலனுடையது. நோலன் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"நாலு அங்குலம் வெட்டிடு," என்றாள் அவன் மனைவி.

"மிஸ் ஒடீலியா, வெட்டிட்டா ஒட்ட முடியாது."

"என் முடி வெட்டுறவகூட இப்படிப் பயமுறுத்த மாட்டா. எழுபத்தோரு வயசாச்சு. இதைத் தோளுக்குத் தூக்கினா குழல் மூக்கு தண்ணியைப் பாக்குது. வாத்து மேல பறக்குது. மருமகன் குடுங்க குடுங்கன்னு நிக்கிறான். வாங்கிட்டுப் போய்ச் சுவத்துல மாட்டுவான். நான் சுடணும், லெஸ்டர்."

"வெட்டித் தர்றேன்."

"இன்னொண்ணு. அதுல தோட்டா சிக்கக் கூடாது. அம்பது வருஷத்துல என் கையில ஒரு தடவைகூடச் சிக்கினதில்ல. சிக்கிச்சுன்னா மருமகன்கிட்டயே குடுத்துட்டு வீட்ல உக்காந்து கம்போ குழம்பு கிண்டுறேன்."

கல்யாணமான புதிதில் அவர்களிடம் ஒரே துப்பாக்கிதான் இருந்தது. நெல் வயலில் தேங்கிய தண்ணீருக்கு நடுவே, நாணலால் மறைத்த தொட்டிக்குள் இருவரும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து, முறை வைத்துச் சுட்டார்கள். அவன் மூன்று தோட்டா, அவள் மூன்று தோட்டா. இரண்டாவது துப்பாக்கி வாங்கும் வசதி வந்தபோது அந்த யோசனை இருவருக்குமே வரவில்லை.

அன்று மாலையே லெஸ்டர் துப்பாக்கியைப் பிரித்தார். இந்த வகைத் துப்பாக்கியில் அவருக்குத் தனிப் பிரியம் உண்டு. மற்றவற்றில் குழல் அசையாமல் இருக்கும். இதிலோ, சுட்டதும் குழலே மேசை இழுப்பறைபோல் பின்னால் ஓடி, திரும்பி முன்னால் வரும். அந்த ஓட்டத்தில்தான் காலித் தோட்டா வெளியே தெறித்து, அடுத்தது உள்ளே ஏறும். ஓட்டம் குறைந்தால் காலித் தோட்டா பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். அதிகமானால் துப்பாக்கியும் அடிவாங்கும், சுடுகிறவர் தோளும் அடிவாங்கும். அதனால் உள்ளே ஒரு சுருள்வில்லும், பிரேக்கைப்போல் இறுகப் பிடிக்கும் பித்தளைக் கவ்வியும் உண்டு. கவ்வியை இறுக்க எஃகு வளையம் ஒன்று. கனமான தோட்டா சுடுகிறவர்கள் வளையத்தைக் கவ்வியோடு சேர்த்து மாட்ட வேண்டும். லேசான தோட்டாவுக்கு அதைக் கழற்றி, வில்லின் மறுமுனையில் சும்மா உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

நோலனின் வளையம் சும்மா உட்கார்ந்திருந்தது.

லெஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. நோலன் வாத்துக்கூட்டம் எவ்வளவு உயரத்தில் போனாலும் விடாதவன். கனமான தோட்டாவைத் தவிர வேறு எதையும் தொடாதவன். "இத்தனை வருஷமும் தப்பா மாட்டிச் சுட்டிருக்கியே, மனுஷா," என்றார் காலிக் கடையைப் பார்த்து. குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரக்கட்டை இரண்டு இடத்தில் விரிசல் விட்டு, பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

மூன்று முறை அளந்துவிட்டு வெட்டினார். இருபத்தாறு அங்குலம் மிஞ்சியது. சட்டம் கேட்கிற அளவுக்கு வெகு மேலே. வெட்டிய வாயைச் சமமாக அராவி, விளிம்பில் பிசிறு இல்லாமல் மெருகேற்றி, குறிபார்க்கும் பித்தளை மணியைப் புது முனையில் பதித்தார். தோட்டக் குழாயின் நுனியை விரலால் நெருக்கினால் தண்ணீர் தூரம் பீய்ச்சுமே, அப்படியொரு நெருக்கம் பழைய முனையில் இருந்தது. அது துண்டோடு போய்விட்டது. இனிக் குண்டுகள் சற்று விரிந்து பாயும். கிட்டத்தில் இறங்கும் வாத்துக்கு அதுவே நல்லது. கடைசியாக வளையத்தை எடுத்து, புத்தகத்தில் உள்ளபடி கவ்வியோடு சேர்த்து மாட்டினார். இறந்தவனின் பிழையைத் திருத்திவிட்ட நிம்மதி அவருக்கு.

சனிக்கிழமை காலை, கடைக்குப் பின்னால் வயல் வரப்பைப் பார்த்து ஒடீலியா சுட்டாள். குழல் பின்னால் போனது. காலித் தோட்டா பாதி வெளியே நீட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

லெஸ்டர் அதைப் பிடுங்கிப் போட்டார். மறுபடி சுட்டாள். மறுபடி அதே கதை.

அவள் துப்பாக்கியை லாரியின் பின்பலகைமேல் மெதுவாகக் கிடத்தினாள். "சரி. விடு."

"ஒரு நிமிஷம் குடுங்க."

"உன் மேல தப்பில்ல. கேட்டது நான்தானே. அவன் இருந்தவரைக்கும் ஓடிச்சு. வெட்டினேன், செத்துப்போச்சு."

லெஸ்டர் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்தார். குழலின் எடை குறைந்தால் அது இன்னும் வேகமாக அல்லவா ஓட வேண்டும்? குனிந்து, விழுந்து கிடந்த காலித் தோட்டாவை எடுத்துப் பார்த்தார். லேசான ரகம்.

"எப்பவும் இதைத்தான் சுடுவீங்களா?"

"அறுபத்தாறாம் வருஷத்துல இருந்து. அவனோடது மாதிரி கனமானது சுட்டா நான் தொட்டிக்குள்ள மல்லாந்துடுவேன்."

"உங்க முறை வர்றப்போ அவன் துப்பாக்கியைக் கழட்டி ஏதாவது மாத்துவானா?"

"விரல் விறைச்சுக் கிடக்கும். அந்தக் குளிர்ல எவன் கழட்டுவான்? அப்படியே கைமாத்துவோம்."

லெஸ்டர் அங்கேயே துப்பாக்கியைப் பிரித்தார். வளையத்தை எடுத்து, நோலன் வைத்திருந்த இடத்திலேயே வைத்தார். "இப்ப சுடுங்க."

நாலு தோட்டா. நாலு காலிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து பறந்து புல்லில் விழுந்தன.

ஒடீலியா சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்ன?"

லெஸ்டர் வளையத்தைப் பற்றிச் சொன்னார், பொறுமையாக, முதலிலிருந்து. "உங்க லேசான தோட்டாவுக்காக இங்க வச்சிருக்கான். இங்க இருந்தா பிரேக் தளர்வு. உங்களுக்குச் சிக்காது. ஆனா அதே பிரேக்கை வச்சுக்கிட்டு அவன் கனமானதைச் சுட்டிருக்கான். முழு அடியும் அவன் தோள்லதான்."

அவள் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேட்டைக்காரங்க எல்லாரும் இதைக் கோவேறு கழுதைன்னுதான் கூப்பிடுவாங்க. அப்படி உதைக்கும்னு சொல்வான். ராத்திரி தைலம் தேய்ச்சு விடுவேன். 'பெரிய வேட்டைக்காரரு, பச்சப்புள்ள மாதிரி முனகுறாரு'ம்பேன். எனக்கு ஒரு நாளும் உதைச்சதில்லையே. நடிக்கிறான்னு நெனச்சேன்."

"அந்தக் கட்டை விரிசலும் அதனாலதான்..."

"தொட்டிக்குப் போற படகுல தவறி விழுந்துச்சுன்னான். ரெண்டு தடவையும்."

அவள் கையை நீட்டினாள். "கனமானது ஒண்ணு குடு."

"வேண்டாம், மிஸ் ஒடீலியா. குழல் வேற இப்ப லேசாயிருக்கு. இன்னும் மோசமா உதைக்கும்."

"ஒண்ணே ஒண்ணு."

லெஸ்டர் கொடுத்தார்; அவள் முதுகுக்குப் பின்னால் போய்க் கையை விரித்து நின்றுகொண்டார். அவள் சுட்டாள். இரண்டடி பின்வாங்கி அவர் கைகளில் சாய்ந்து நிமிர்ந்தாள். தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"படகுல விழுந்துச்சாம்," என்றாள். "புளுகன்."

பிறகு தன் பையைத் திறந்து, தன்னுடைய லேசான தோட்டாக்கள் மூன்றை எடுத்து உள்ளே தள்ளினாள்.