இரண்டாவது சாவி

அந்தத் துருவ ஆராய்ச்சி நிலையத்தில் மருந்து அலமாரிக்கு இரண்டே சாவிகள். ஒன்று ராணுவ டாக்டரான மேஜரின் கழுத்தில். மற்றொன்று சமையல்காரரிடம். அவசர ஆபரேஷன் என்றால் மயக்க மருந்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே. அதற்காக ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்து வந்தவர் அவர் ஒருவர்தான்.

வலி மாத்திரைகள் குறையத் தொடங்கியதிலிருந்து மேஜருக்குச் சோறு இறங்கவில்லை, அதுவும் அந்தக் கை போட்ட சோறு. சமையல்காரர் சிரித்தால் மழுப்பல். சும்மா இருந்தால் திருட்டு முழி. கண் சிவந்திருந்தால் போதை. வெங்காயம் நறுக்கியிருப்பார் என்பது மேஜரின் மண்டையில் ஏறவில்லை.

குளிர்காலத்துக்கு முன் கடைசி விமானம் வந்து நின்றது. இனி வசந்தம் வரை ஈ காக்கை வராது. எப்போதுமே வராது என்பது வேறு விஷயம்.

"சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. நான் எடுக்கல," என்றார் மேஜர்.

"நானும் எடுக்கல சார். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எடுத்த எடுப்பில மூட்டை கட்டச் சொல்றீங்களே."

சமையல்காரர் சாவியை மேசையில் வைத்துவிட்டு விமானம் ஏறப் போனார். வாசலில் நின்ற ஜெனரேட்டர் மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினான்.

விமானம் கிளம்பிப் போனது. மேஜர் நிம்மதியாக ஒரு காபி குடித்தார். பாதிக் கோப்பையில் மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து கட்டிலில் சாய்ந்தான். அடிவயிற்றின் வலது பக்கம் பலகை மாதிரி இறுகியிருந்தது. குடல்வால் வீக்கம். உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

"எத்தனை நாளா வலி?"

"விட்டு விட்டு வந்துச்சு டாக்டர். இந்த ரூம் ஹீட்டரைச் சரிபண்ண வந்தப்பல்லாம் அலமாரியைத் திறந்து போட்டுட்டுப் போயிருந்தீங்க. நான்தான் மாத்திரையை எடுத்தேன்."

"என்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா பிளேன்ல ஏத்திடுவீங்க. ஜெனரேட்டரை யாரை நம்பி விட்டுட்டுப் போறது? அது நின்னா எல்லாரும் விறைச்சுப் போயிடுவீங்களே. சமையல் அண்ணன் பழியோட போறப்பவாவது வாயைத் திறந்திருக்கணும். பயந்துட்டேன்."

மேஜர் வயர்லெஸ்ஸில் விமானத்தைக் கூப்பிட்டார். பின்னால் பனிப்புயல் மூடிவிட்டது, திரும்ப வழியில்லை என்றான் விமானி. பக்கத்திலிருந்த யாரோ மைக்கை வாங்கினார்.

"யாருக்கு சார் உடம்பு சரியில்ல?"

சமையல்காரரின் குரல். மெக்கானிக்குக்குக் குடல்வால், உடனே அறுக்க வேண்டும் என்றார் மேஜர், அவமானத்தோடு.

"மயக்க மருந்து மேல்தட்டுல இருக்கு சார். ஆனா யாரு குடுப்பாங்க?"