தலைமை மாலுமியின் தகடு

உலக மக்கள் அனைவருக்கும், குறிப்பாக மனைவி வழிச் சொந்தங்களுக்கும், இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: சின்ன மாப்பிள்ளை படகில் பூட்டிய இரண்டு பேட்டரி ஏற்பாடு படுத்துவிட்டது.

இதைக் கேட்டதும் பெரிய மாப்பிள்ளைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. முகத்தை மட்டும் துக்க வீட்டு முகமாக வைத்துக்கொண்டார்.

படகு, சகலைகள் இரண்டு பேரும் சரிபாதி போட்டு வாங்கியது. ஆனால் வீட்டில் அதற்குப் பெயர் ‘சின்னவர் படகு’. காரணம் இந்தப் பேட்டரிகள்தான். முன்பு ஒரே பேட்டரி. ஒருநாள் நடுக்கடலில் பாட்டுப் போட்டுப் போட்டு அது தீர்ந்து, எஞ்சின் கிளம்பாமல், வேறொரு படகுக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்தார். பாட்டுப் போட்டவர் பெரியவர். அதன் பிறகு சின்னவர் இரண்டாவது பேட்டரி வைத்தார். ஒன்று எஞ்சினைக் கிளப்ப மட்டும். மற்றது விளக்கு, ஃபிரிட்ஜ், பாட்டுக்கு. நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ரிலே. எஞ்சின் ஓடி முதல் பேட்டரிக்கு வேண்டியது ஏறியதும், அது தானாகவே இரண்டையும் இணைத்து மற்றதற்கும் சார்ஜ் விடும். அன்றிலிருந்து மாமியார் சின்னவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பெரியவருக்கு எரிந்த வயிற்றில் ஒரு வயரைச் சொருகியிருந்தால் நாலு பேட்டரிக்குச் சார்ஜ் ஏறியிருக்கும்.

அதனால் அவர் ஒரு காரியம் செய்தார். தன் பெயரையும் அதன் கீழே ‘தலைமை மாலுமி’ என்ற பட்டத்தையும் பித்தளைத் தகட்டில் பொறித்து வாங்கி, போன வாரம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து கேபின் சுவரில் மாட்டினார். நாலு மூலைக்கும் நாலு ஸ்க்ரூ. நல்ல நீளமான ஸ்க்ரூ. எவனும் கழற்றிவிடக் கூடாதல்லவா.

இன்று மாமியாரின் ஐஸ்கிரீம் ஃபிரிட்ஜுக்குள்ளேயே தண்ணீராய்க் கிடந்தது.

“நான் பாக்குறேன் அத்தை,” என்றார் பெரியவர். “அவசரத்துல பூட்டுனா இப்படித்தான். பாவம், அவரும் என்ன பண்ணுவாரு.”

“சின்ன மாப்பிள்ளை வந்துக்கிட்டுதான் இருக்காரு. அதுக்குள்ள நீங்க எதுக்குக் கைய வைக்கிறீங்க?”

அவ்வளவுதான். சகலை வந்து சேர்வதற்குள் கோளாறைக் கண்டுபிடிக்காவிட்டால் இந்தக் குடும்பத்தில் தனக்கு மரியாதை மிஞ்சாது என்று பெரியவருக்குப் புரிந்துவிட்டது.

எஞ்சினை ஓடவிட்டு மீட்டரை எடுத்தார். முதல் பேட்டரி பதினாலு வோல்ட்டைத் தாண்டி நின்றது. இரண்டாவது பன்னிரண்டுகூட இல்லை. ரிலேயின் ஒரு முனையில் வைத்தார், பதினாலு. மறு முனையில் பன்னிரண்டைத் தொடாத அதே நோஞ்சான் அளவு. ரிலேயின் குட்டி விளக்கும் எரியவில்லை.

“ரிலே செத்துப்போச்சு,” என்று கரைக்கே கேட்கும்படி அறிவித்தார். “மட்டமான சரக்கு. வாங்குறப்ப என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“உங்களக் கேட்டிருந்தா இன்னொரு ஸ்பீக்கர்தாங்க வந்திருக்கும்,” என்றாள் கரையில் உட்கார்ந்திருந்த மனைவி.

அப்போது செருப்பைக் கையில் பிடித்தபடி சின்னவர் உள்ளே ஏறினார். மீட்டரைப் பார்த்தார். ரிலேயைப் பார்த்தார்.

“அண்ணே, ரிலேக்கு எர்த் வருதான்னு பாத்தீங்களா?”

“அதத்தான் பாக்கப் போனேன். நீங்க குறுக்க வந்துட்டீங்க.”

எர்த் வரவில்லை; அது இல்லாமல் ரிலே வேலை செய்யாது. ரிலேயிலிருந்து கிளம்பிய மெல்லிய கறுப்பு எர்த் வயர் கேபின் சுவருக்குப் பின்னால் போயிற்று. பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தார்கள். நாலு பித்தளை ஸ்க்ரூக்களின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று சும்மா இருந்தன. நாலாவது, கறுப்பு வயரைத் துண்டாக அறுத்துவிட்டிருந்தது.

பெரியவர் டார்ச்சை அணைத்தார்.

சின்னவர் குரலைத் தணித்தார். “உப்புக் காத்துல வயர் அரிச்சுப்போச்சுன்னு சொல்லிடுவோம்ணே.”

திட்டியிருந்தால் பெரியவர் தாங்கியிருப்பார். சிரித்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். பெருந்தன்மையிலும் இவனே முந்திக்கொண்டால் மனிதன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வயரை ஒட்டுப்போட்டதும் ரிலேயின் விளக்கு எரிந்தது. சின்னவர் தலையை வெளியே நீட்டினார். “உப்புக் காத்துல வயர் அரிச்சுப்போச்சு அத்தை. அண்ணன்தான் கண்டுபிடிச்சாரு.”

மாமியார் பெரிய மகள் பக்கம் திரும்பினார். “கேட்டியாடி? தான் செஞ்சதக்கூட அடுத்தவங்க செஞ்சதாச் சொல்றாரு. இந்த மனசு யாருக்கு வரும்?”

பெரியவர் நாலு ஸ்க்ரூக்களையும் கழற்றினார். தலைமை மாலுமி சட்டைப் பைக்குள் போனார்.

ஐஸ்கிரீம் உறைந்தது.