உம் கொட்ட ஓர் ஆள்

மாமா தன் கண்ணில் மாட்டியிருந்த வி.ஆர். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அழிச்சிடும்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் இனத்தார் மலையிலிருந்து இறங்கி வந்த கதை எழுத்தில் எங்குமே கிடையாது. அதை முழுதாகச் சொல்லத் தெரிந்தவர் லாரி ஓட்டும் இந்தத் தாய்மாமன் ஒருவர்தான். சுற்றிலும் கேமராக்களை நட்டு அவரைச் சொல்லவைத்து, கண்ணாடியை மாட்டினால் அவரே எதிரே உட்கார்ந்து கதை சொல்கிற மாதிரி செய்திருந்தாள். ஒரு மழைக்காலம் முழுக்க அதற்கே போயிற்று. ஆனால் மாமா வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

"என்ன மாமா தப்பு?"

"உங்கம்மா எங்க?"

பதிவின்போது அம்மா எதிரே உட்கார்ந்து வரிக்கு வரி 'உம்' கொட்டியிருந்தாள். ஒலியைச் சுத்தம் செய்து பழகிய கை சும்மா இருக்குமா? விசிறிச் சத்தம், நாற்காலியின் கிறீச்சு, கூடவே பெற்ற தாயையும் துடைத்தெடுத்துவிட்டது. அசல் பதிவையும் மிச்சம் வைக்கவில்லை. கெட்டிக்காரி!

"உம் கொட்ட ஆளில்லாம நம்ம ஆளுங்க கதைக்கு வாயத் தொறக்கவே மாட்டோம். இதுல நான் சுவத்தோட பேசுற பைத்தியம் மாதிரி இருக்கேன்."

"அம்மாவக் கூப்பிட்டு மறுபடி 'உம்' சொல்ல வெச்சு ஒட்டிடட்டுமா?"

"அப்போ கண்ணாடி மாட்டுறவன் எதுக்கு? வேடிக்க பாக்கவா?"

அவளுக்குப் பொறி தட்டியது. "நாளைக்கு ஒரு தடவ பாருங்க மாமா. அப்புறமும் பிடிக்கலன்னா அழிச்சிடறேன்."

மறுநாள் மாமா வேண்டாவெறுப்பாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் காண்பது அவள் திரையிலும் ஓடியது. கண்ணாடிக்குள் இருந்த மாமா முதல் வரியைச் சொன்னார். நிறுத்தினார். எதிரே பார்த்துக் காத்திருந்தார்.

நாற்காலியில் இருந்த மாமாவும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாமாக்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். 'உம்' கொட்டுங்கள் என்று எடுத்துச் சொல்ல அவளுக்கு மனமில்லை. சொல்லி வரவழைத்தால் அது 'உம்' ஆகுமா? மாமாவின் கால் ஆடத் தொடங்கியது. கதை பாதியில் நிற்பதை அவரால் என்றைக்குத் தாங்க முடிந்தது?

"உம்."

ராத்திரி அவள் மாற்றிவைத்தபடியே, 'உம்' கேட்டதும் உள்ளே இருந்தவர் தலையசைத்து அடுத்த வரிக்குப் போனார். அப்பாடா! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதை ஆற்றங்கரையை எட்டுவதற்குள் மாமாவின் 'உம்' தானாகவே வர ஆரம்பித்துவிட்டது.

"மாமா, அழிச்சிடவா?" என்று மெல்லச் சீண்டினாள்.

"சும்மா இரும்மா," என்று கையை வீசினார். "எங்கப்பா போனதுக்கப்புறம் இப்பதான் எனக்கு ஒருத்தர் கதை சொல்றார்."