மூன்றாம் தீவுக்கும் நாலாம் தீவுக்கும் நடுவே

தேதியக்கா என்பது வீட்டில் வைத்த பேர் இல்லை. ‘ஏழு தீவு’ விளையாட்டை மறுபடி உயிர்ப்பிக்கக் கிளம்பிய முப்பத்தோரு பேரும் சேர்ந்து வைத்த பேர். யாராவது "அந்தக் காலத்துல படகுக்குச் சிவப்புப் பாய்தான் இருந்துச்சு" என்று ஆரம்பித்தால் போதும், "எந்தத் தேதியில?" என்று கேட்டுவிடுவாள். அப்புறம் அந்த ஆள் எச்சில் விழுங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பகலில் அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை வெட்டி ஃப்ரேமில் பொருத்துவாள். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை வலிக்கும் என்று தெரிந்தவள். அந்தப் புத்தி விளையாட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஏழு தீவு பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இணையத்தில் வந்தது. மீன் பிடிக்கலாம், படகு கட்டலாம், மற்றவர்களோடு அரட்டை அடிக்கலாம். பத்து வருஷம் ஓடியது, நடுவில் எத்தனையோ முறை மாற்றினார்கள், பிறகு ஒருநாள் கடையைக் கட்டினார்கள். அந்த முதல் பதிப்பு யாரிடமும் இல்லை. அதை அச்சு அசலாகத் திரும்பக் கட்ட வேண்டும் என்பதுதான் குழுவின் ஆசை. மாடியில் குடியிருக்கும் அவள் தம்பி நிரல் எழுதினான். எது எப்படி இருந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வது இவள் பொறுப்பு.

அதற்கு ஒரே வழி, பழைய வலைப்பக்கங்களைச் சேர்த்துவைக்கும் இணையக் காப்பகம். விளையாட்டு அதில் இருக்காது. ஆனால் விளையாட்டைப் பற்றிய உதவிப் பக்கம், அறிவிப்புப் பக்கம், வரைபடம் எல்லாம் நாள்வாரியாகப் பிரதி எடுத்து வைத்திருப்பார்கள். தேதியக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதில் துழாவினாள். இரண்டு வருஷம். மீன் வலையின் கண் எத்தனை பெரிது, மழை எத்தனை நிமிஷம் பெய்தது, ஆட்டுக்கு எந்தப் பக்கம் கொம்பு வளைந்திருந்தது, எல்லாவற்றுக்கும் ஆதாரம் வைத்தாள். நினைவு செல்லாது, பக்கம்தான் செல்லும் என்று சட்டம் போட்டவளும் அவள்தான். சாட்சி இல்லாமல் அந்தத் தீவுகளில் ஒரு புல்கூட முளைக்க முடியாது.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறப்பு விழா என்று ஆன பிறகு, புதன்கிழமை சாயங்காலம், குரலில் மட்டும் கூடும் இணையக் கூட்டத்தில் தம்பி கடைசிச் சந்தேகத்தைக் கேட்டான். மூன்றாம் தீவுக்கும் நாலாம் தீவுக்கும் நடுவே பாலம் உண்டா?

"அங்க ஏதுய்யா பாலம்?" என்றார் தோணிக்காரர். நிஜத்தில் அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பதினேழாம் நம்பர் வண்டி. வாரத்துக்கு மூன்று தடவையாவது அதைச் சொல்லிவிடுவார். "நான்தானே தோணி போட்டு எல்லாரையும் அக்கரையில கொண்டுபோய் விட்டேன்! நாளைக்கே துடுப்பைக் குடுங்க, மறுபடி ஆரம்பிச்சிடறேன்."

"எந்தத் தேதியிலண்ணே?" என்றாள் தேதியக்கா.

"தேதியா? தினமும்தான்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. காப்பகத்தில் தேடி, விளையாட்டு தொடங்கிய நாலாம் மாதத்துப் பக்கத்தைத் திறந்து திரையில் காட்டினாள். பக்கத்தின் நடுவில் வரைபடம். வரைபடத்தின் நடுவில், கல்லுக் கல்லாகத் தெரியும்படி ஒரு பாலம்.

"பாலம் இருந்திருக்கு. பாலம் இருந்தா தோணிக்கு வேலையில்ல. வேற ஏதாவது விளையாட்டோட சேர்த்துக் குழப்பிக்கிறீங்களோ என்னமோ" என்றாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அப்ப நான் யாரைக் கூட்டிட்டுப் போனேன்?" என்று கேட்டார் தோணிக்காரர். கூட்டம் கலைந்த ஐந்தாவது நிமிஷம் குழுவில் ஒரு வரி வந்தது: தோணிக்காரர் வெளியேறினார்.

"ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டார் அவள் கணவர். நடந்ததைச் சொன்னாள். "பாவம்டி அந்த மனுஷன். கையில இருந்த தோணியைப் பிடுங்கிட்டியே."

"நான் எங்க பிடுங்கினேன்? ஆதாரம் அப்படி இருக்கு" என்றாள் வெடுக்கென்று. ஆனாலும் அன்றைக்கும் மறுநாளும் மனசு ஒரு நிலையில் இல்லை. ஒரு பெரியவரின் லென்ஸை வலதுக்கு இடதாக மாற்றிப் பொருத்திவிட்டு, முதலாளி பார்ப்பதற்குள் கழற்றி மாற்றினாள்.

சனிக்கிழமை காலை கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை மாடிப்படியிலிருந்து தம்பி கூப்பிட்டான். "அக்கா, பாலம் வரைஞ்சுட்டேன், கல்லோட நிறம் மட்டும் சரியாத் தெரியல. அந்தப் படத்தை மட்டும் தனியாத் திறந்து பெருசா அனுப்பு."

திறந்தாள். காப்பகத்தில் ஒவ்வொரு பிரதியின் முகவரியிலும் அது எடுக்கப்பட்ட தேதி எண்களாக இருக்கும். தனியாகத் திறந்த படத்தின் முகவரியிலும் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கம் முதல் வருஷத்தது. படமோ அதற்குக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் பிந்தியது.

காப்பகம் பொய் சொல்லவில்லை. ஒரு பக்கத்தை எடுக்கும்போது அதிலிருக்கும் படத்தை எடுக்க விட்டுப்போனால், அதே பேரில் தன்னிடம் இருக்கும் படங்களில் தேதி நெருங்கிய ஒன்றை அந்த இடத்தில் நிரப்பிக் காட்டும். மேலே ஒரு தேதி, உள்ளே வேறு தேதி. ஆகவே படத்தைத் தனியாகத் திறந்து பார்க்காமல் நம்பாதே என்பது இந்த வேலையின் பாலபாடம். குழுவுக்கு அதை எழுதிக் கொடுத்ததே அவள்தான், தடித்த எழுத்தில்.

பிறகு ஏன் பார்க்கவில்லை? உட்கார்ந்து யோசித்தபோது காரணம் தெரிந்தது, தெரிந்ததும் வெட்கமாகப் போயிற்று. அவள் ஏழு தீவுக்கு வந்தது நாலாவது வருஷம். அப்போது அங்கே பாலம் இருந்தது. ஆயிரம் தடவை அதில் நடந்திருக்கிறாள். திரையில் பாலத்தைப் பார்த்ததும், இதோ இருக்கிறதே என்று மனசு தலையாட்டிவிட்டது. ஊரார் நினைவுக்கெல்லாம் சாட்சி கேட்டவள், தன் நினைவுக்கு மட்டும் கேட்கவில்லை.

கடைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, மூன்றாம் வருஷத்து அறிவிப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பன்னிரண்டாவது பக்கத்தில் அகப்பட்டது. ‘இன்று முதல் மூன்றாம் தீவுக்கும் நாலாம் தீவுக்கும் பாலம். தோணிப் பயணம் நிறுத்தப்படுகிறது. இதுவரை தோணி ஓட்டியவர்களுக்கு நன்றி.’ கீழே ஆட்டக்காரர்கள் ‘அப்பாடா’, ‘இனிமே காத்திருக்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் தோணிக்காரர் என்ற பேரில் ஒரு வரி: ‘சீக்கிரம் போகலாம், சரி. வழியில பேச்சுத்துணைக்கு யாரு?’

அவள் அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு மாடிக்கு ஓடினாள்.

"பாலத்தை எடுத்துடு. தோணி போடு."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "விளையாடறியாக்கா? நாளைக்குத் திறப்பு! பாலம் வரைஞ்சே முடிச்சாச்சு. அந்தப் படத்தோட தேதி உன்னைத் தவிர யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுதுல்ல? போடு."

குழுவுக்கும் எழுதினாள், சப்பைக்கட்டு எதுவும் கட்டாமல்: ‘பாலம் விஷயத்தில் தப்பு என்னுடையது. படத்தின் தேதியைப் பார்க்கவில்லை. தோணிக்காரர் சொன்னதுதான் சரி.’ உடனே பதினாலு பேர் வரிசையாக ஒரே கேள்வியை அனுப்பினார்கள்: ‘எந்தத் தேதியில?’ அசடு வழிய அதையும் வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

ஆனால் தெரிய வேண்டியவர் குழுவில் இல்லையே. போன் செய்தால் எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவர் எப்படி எடுப்பார்? அறிவிப்புப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. முதலில் வந்த பதினேழாம் நம்பர் ஓட்டுநரிடம் "தோணிக்காரருங்களா?" என்று கேட்டாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவை மூடினார். இரண்டாமவரும் அப்படியே. மூன்றாவது வண்டியின் ஓட்டுநர், கனத்த மீசைக்காரர், அவள் குரலைக் கேட்டதும் தூக்குக்கயிற்றைக் கண்டவர்போல விழித்தார்.

"தேதியக்காவா?"

"ஆமாண்ணே, நான் ஒரு விஷயம்..."

அவர் தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்.’ இருபத்தாறு நிறுத்தம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கையில் காகிதத்தோடு, வாயைத் திறக்காமல் அவர் பக்கத்திலேயே நின்று வந்தாள். தேதியக்காவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை உலகத்தில் கிடையாது.

கடைசி நிறுத்தத்தில் அவருக்குப் பத்து நிமிஷம் ஓய்வு. காகிதத்தை வாங்கி, கையை நீட்டித் தூரமாக வைத்துப் படித்தார். அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

"தப்பு என்மேலதான்ணே. ரொம்ப ரொம்ப மன்னிச்சுக்கோங்க."

அவர் தன் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு நாளா மண்டை காஞ்சு போச்சும்மா. எனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருச்சோன்னு பொண்டாட்டிகிட்டயே கேட்டுட்டேன்." பிறகு மெதுவாகச் சொன்னார். "இந்த ஊருக்கு வந்த புதுசுல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. வேலை, அறை, வேலை, அறை. அந்தத் தோணி அக்கரை போக நாலு நிமிஷம் ஆகும். ஒரு நேரத்துல ஒரு ஆள்தான். எழுந்து வேற எங்கயும் போக முடியாது, பேசித்தான் ஆகணும். எத்தனை பேர், எத்தனை கதை! இப்பப் பாரு, தினம் ஆயிரம் பேரை ஏத்தறேன். ஒருத்தர்கிட்டயும் பேசக் கூடாது."

"தம்பி தோணி கட்டிட்டிருக்கான்" என்றாள். "துடுப்பு உங்களுக்குத்தான்."

அவர் மீசைக்குள் சிரித்தது நன்றாகவே தெரிந்தது. "அப்ப நாளைக்கு லீவு போட்டுடறேன்" என்றார்.

ஞாயிறு பத்து மணிக்குத் தீவுகள் திறந்தன. பத்தேகாலுக்கெல்லாம் மூன்றாம் தீவின் கரையில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். ஒரே தோணி, ஒரு நேரத்தில் ஒரு ஆள், போக நாலு நிமிஷம், வர நாலு நிமிஷம். "ஒரு பாலம் போட்டிருக்கலாம்" என்று யாரோ வேண்டுமென்றே எழுதினார்கள். "உதை விழும்" என்று நாலைந்து பேர் பதில் எழுதினார்கள். தம்பி கொட்டாவி விட்டபடி அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தான்.

அவள் முறை வந்தபோது மணி ஒன்று ஆகப்போகிறது. ஏறினாள். சதுரம் சதுரமான அலைகளில் தோணி நகர்ந்தது.

‘சொல்லுங்க, கண்ணாடிக் கடையில இன்னிக்கு லீவா?’ என்று தோணிக்காரர் எழுதினார்.

அவள் எழுத ஆரம்பித்தாள். லென்ஸை வலதுக்கு இடதாக மாட்டிய கதையைச் சொன்னாள். அவர் வண்டியில் ஒருவர் மீன்தொட்டியோடு ஏறிய கதையைச் சொன்னார். அவள் சத்தமாகச் சிரித்ததில் பக்கத்து அறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். இரண்டு வருஷமாக இந்த மனிதரோடு வாரம் தவறாமல் பேசியிருக்கிறாள். ஆடும் வலையும் மழையும் தவிர ஒரு பேச்சு பேசியதில்லை.

தோணி நாலாம் தீவில் முட்டி நின்றது. அவர் பாதிக் கதையில் இருந்தார்.

‘அக்கரை வந்தாச்சு. இறங்குங்க.’

‘இங்க எனக்கு ஒரு வேலையும் இல்லண்ணே’ என்று எழுதினாள். ‘திரும்பும்போது காலியாத்தானே போறீங்க? அந்த மீன்தொட்டி என்ன ஆச்சு?’

தோணி திரும்பியது.