சிரிப்புக்கு விட்ட இடம்

ஹிலரி ரொட்டியின் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். தம்பி டங்கன் மடிக்கணினியோடு சமையலறைக்குள் வந்து, வெள்ளரிக்காய்த் தட்டை நகர்த்தி அந்த இடத்தில் அதை வைத்தான்.

"இதப் பாரு ஹில். அப்பாவோட இறுதிச் சடங்குல திரையில போடறதுக்கு. தகன மண்டபத்துக்கு இப்பவே அனுப்பணும். அப்பறம் வாங்க மாட்டாங்களாம்."

அப்பா திரையில் நின்றார். ஸ்பெயினில் ஒரு விடுதி. அரைக்கால் சட்டை, தலையில் ரயில்வே தொப்பி.

"அந்த சினிமாப் படத்துலேர்ந்தா எடுத்த?"

"வேற எதுலேர்ந்து எடுக்கறது?"

அவன் சொன்னது சரிதான். அப்பா, வில்ஃப் ஆக்கர்லி, ஆறு வருடம் தொலைக்காட்சியில் மிஸ்டர் பின்னாக்காக நடித்தார். ரயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை வைத்திருந்து திருப்பித் தரும் அறையின் குமாஸ்தா. சீட்டை வாங்குவார். பெட்டியைப் பார்ப்பார். பெட்டிக்கு உரியவரைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். கடைசியில் "அடுத்து யாரு?" என்பார். அவ்வளவுதான். அதற்குத் தெருவே சிரித்தது. ஒளிபரப்பு முடிந்ததும் அந்த ஒளிநாடாக்களை அழித்து, மேலே வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் நாடா விலை அப்படி. மிஞ்சியது, அதே மிஸ்டர் பின்னாக்கை வைத்து எடுத்த திரைப்படம் ஒன்றுதான்.

"அவருக்கு அந்தப் படம்னாலே ஆகாதுடா."

"தெரியும். ஆனா வர்றவங்க மிஸ்டர் பின்னாக்கைப் பாக்கத்தான் வர்றாங்க. கம்பளம் வித்த வில்ஃபைப் பாக்க இல்ல."

"நான் வில்ஃபைப் பாக்கத்தான் போறேன்."

டங்கன் ஒரு துண்டு ரொட்டியை எடுத்துத் தின்றான். படம் வந்தபோது அவனுக்கு நான்கு வயது. மணல்வாரி அம்மை போட்டிருந்தது. அம்மா அவனோடு வீட்டில் இருந்துவிட்டாள். அப்பாவோடு திரையரங்குக்குப் போனது ஹிலரி. அவளுக்குப் பன்னிரண்டு.

மதியக் காட்சி. முன்வரிசைகளில் யாரும் இல்லை. அப்பாவின் முகம் வீடு அளவுக்கு வந்து நின்றது. மூக்கின் மயிர் தெரிந்தது. தொலைக்காட்சியில் அந்த முகம், கூடத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகம் அளவுதான் இருக்கும். இங்கே அது பார்த்துக்கொண்டே இருந்தது, யாரும் சிரிக்கவில்லை. தொலைக்காட்சிப் பதிவின்போது பார்வையாளர்கள் எதிரே உட்கார்ந்து சிரிப்பார்கள்; சினிமாப் படப்பிடிப்புத் தளத்தில் பார்வையாளர்கள் கிடையாது. இருந்தும் அப்பா ஒவ்வொரு பார்வைக்குப் பிறகும் சிரிப்புக்கு இடம் விட்டிருந்தார். இயக்குநர் வேண்டாம் என்றாராம். அப்பா கேட்கவில்லை. அந்த இடைவெளியில் முட்டையே அவித்துவிடலாம் என்று ஒரு பத்திரிகை எழுதியது.

இரண்டாவது இடைவெளியில், பக்கத்து இருக்கையில் இருந்த அப்பா ஒரு மிட்டாயின் தாளைப் பிரித்தார். மூன்றாவதில் இன்னொன்று. அரங்கம் முழுவதும் அந்தத் தாளின் சத்தம்தான். பாதியில் எழுந்துகொண்டார்.

"மழை வர்றதுக்குள்ள போயிரலாம் கண்ணு."

வெளியே வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் கம்பளக் கடையில் சேர்ந்தார். முப்பது வருடம். யாராவது விளையாட்டாகப் பேருந்துச் சீட்டை நீட்டினால் வாங்கி, ஒரு பார்வை பார்த்து, திருப்பிக் கொடுப்பார். ஏதாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படத்தைப் போட்டால் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்துவிடுவார்.

"இன்னொரு தடவ அதே மாதிரி எல்லாரும் உம்முனு உக்காந்திருந்தா?" என்றாள் ஹிலரி. "அவர் எதிர்லயே?"

"சாவு வீட்டுல யாரும் சிரிக்கலன்னா அது தப்பா?"

"எனக்குத் தப்பு."

அம்மா பெரில் வாசல்படியில் நின்றிருந்தாள். கறுப்பு உடை, காலில் வீட்டுச் செருப்பு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அப்பா போனதிலிருந்து பெரில் அழவில்லை. தொலைபேசியை எடுத்தாள், பூக்காரருக்கு நிறம் சொன்னாள், அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்தாள்.

"நான் அந்தப் படத்தப் பாத்ததே இல்ல," என்றாள்.

"தெரியும்மா."

"கவுன்டருக்குப் பின்னாடி நிக்கிற ஆளு. அவரக் கடற்கரையில கொண்டு போய் நிறுத்தினா யாருக்குச் சிரிப்பு வரும்? பெரிய திரைக்கு இந்த ஆளு ஆகாதுன்னு உங்கப்பாகிட்ட சொன்னேன். ரெண்டு வாரம் எங்கிட்ட பேசல மனுஷன்." செருப்பைக் கழற்றிக் கறுப்புக் காலணியைத் தேடினாள். "படம் ஓடலன்னதும் அதவிட மோசம். நீ சொன்னியேன்னு ஒரு வார்த்த கேக்கல. நானும் சொல்லல."

டங்கன் மடிக்கணினியை மூடப் போனான்.

"இதுல கவுன்டர் இருக்கா?"

"இருக்கு. இந்த ஒரு காட்சியிலதான். விடுதி ஆளுன்னு நெனச்சு ஒருத்தன் இவர்கிட்ட பெட்டியக் குடுப்பான்."

"அப்ப அதையே அங்க போடு."

"அம்மா," என்றாள் ஹிலரி.

"ஒரு வாட்டியாவது பாக்கணும் கண்ணு. அப்பறம் எங்க பாக்கறது?"

டங்கன் அனுப்பும் பொத்தானை அழுத்தினான். ஹிலரி ரொட்டிகளின் மேல் ஈரத்துணியைப் போர்த்தினாள்.

*

தெருமுனை வரை இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளர் ப்ராக்டர் உயரத் தொப்பியும் கைத்தடியுமாகச் சவ வண்டிக்கு முன்னால் நடந்தார். மூன்றாம் வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். திருப்பத்தில் ப்ராக்டர் வண்டியில் ஏறிக்கொண்டார். கடலில் இருந்து காற்று அடித்தது.

தகன மண்டபத்தில் முந்தைய கூட்டம் ஒரு கதவு வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. இவர்கள் அடுத்த கதவில் நின்றார்கள்.

"அரை மணி நேரம்," என்றார் ப்ராக்டர், கடிகாரத்தைப் பார்க்காமல். "உங்களுக்குப் பின்னாடி இன்னொருத்தர் இருக்காரு. மன்னிச்சுக்கணும்."

ஸ்காரபரோ ஊரே வந்தது போலிருந்தது. கம்பளக் கடைக்காரர்கள், பந்துவிளையாட்டுச் சங்கத்துக்காரர்கள், மிஸ்டர் பின்னாக்கைச் சிறுவயதில் பார்த்த, இப்போது தலை நரைத்த முகம் தெரியாத சிலர். ஊன்றுகோலோடு ஒருவர் அம்மாவை நோக்கி வந்தார். அப்பாவின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஒலிப்பதிவு செய்த ஸ்டான்லி.

"பெரில். உன் தலைக்கு மேல இன்னும் மைக்கு தொங்குதா?"

"எந்த மைக்கு?"

"உங்கிட்ட சொன்னதே இல்லையா வில்ஃப்? ஒவ்வொரு பதிவுக்கும் மூணாவது வரிசையில உக்காருவியே. உனக்கு நேரா ஒண்ணு தொங்கவிட்டேன். அவன்தான் கேட்டான். உன் சிரிப்பு மெதுவாத்தானே ஆரம்பிக்கும், கெட்டில்ல தண்ணி சூடாகற மாதிரி. நீ ஆரம்பிச்சாத்தான் மத்தவங்க. நீ சிரிச்சு முடிச்சு மூச்சு விடறவரைக்கும் அவன் வாயத் தொறக்கமாட்டான். நேரம் தாண்டிப் போச்சுன்னு எத்தன திட்டு வாங்கியிருக்கோம் தெரியுமா."

அம்மா கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தாள்.

"காலு எப்படி இருக்கு ஸ்டான்லி?" என்றாள்.

உள்ளே போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். பாதிரியார் பேசினார். டங்கன் பேசினான், ஒரு இடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். சவப்பெட்டியின் மேல் ரயில்வே தொப்பி இருந்தது. அதற்கு மேலே சுவரில் திரை. ஹிலரி நினைத்ததைவிடப் பெரியது.

விளக்கு மங்கியது.

ஸ்பெயின். கவுன்டர். சுற்றுலாக்காரன் ஒருவன் பெட்டியைத் தூக்கி வைத்துச் சீட்டை நீட்டுகிறான். அப்பா சீட்டைப் பார்க்கிறார்.

பார்க்கிறார்.

எவரும் அசையவில்லை. சுவரோரம் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் டக் டக் என்றது. ஹிலரி மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா பெட்டியைப் பார்க்கிறார். பின்வரிசையில் யாரோ செருமினார்கள். செருமியதற்காக வருந்துவது போல இன்னொரு முறை, மெதுவாக. நிறுத்தச் சொல்லலாமா என்று ஹிலரி டங்கனைத் தேடினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முகம் நெருங்கி வந்தது. சுவர் முழுக்க அப்பா. அவர் சுற்றுலாக்காரனைப் பார்க்க வேண்டும். கேமரா அவன் நின்ற இடத்தில் இருந்தது. நேராக இவர்களைப் பார்த்தார். மூன்றாவது வரிசைக்குக் கொஞ்சம் மேலே.

ஹிலரியின் தோளோடு ஒட்டியிருந்த அம்மாவின் தோள் அசைந்தது.

அழுகிறாள் என்று நினைத்து ஹிலரி கையை நீட்டினாள். அது அழுகை இல்லை. எங்கோ அடியில், மூடிய வாய்க்குள் அது ஆரம்பித்திருந்தது. மூக்கு வழியாக ஒரு சத்தம். இன்னொன்று. பிறகு வாய் திறந்துகொண்டது. ஊன்றுகோல் தரையில் விழுந்தது, ஸ்டான்லி அதை எடுக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். கம்பளக் கடைக்காரர்கள். பின்வரிசை. கதவோரம் நின்ற ப்ராக்டர் உயரத் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டார்.

திரையில் அப்பா காத்திருந்தார். ஒரு தசைகூட அசையவில்லை.

சிரிப்பு அடங்கியது. கடைசியாக அம்மாவுடையது. கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

அப்பா சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தொப்பியைச் சரிசெய்தார்.

"அடுத்து யாரு?" என்றார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அடுத்த வண்டி வந்து நின்றிருந்தது.